நீலத்திரை வராமலே ரீஸ்டார்ட்: எஸ்எம்பிஎஸ் மாத்தணுமா, ரேமைப் பாக்கணுமா?

வைகைக்கரை:
என் கம்ப்யூட்டர்ல சிபியூ 65 வாட், கிராபிக்ஸ் கார்டு 170 வாட், எஸ்எம்பிஎஸ் (உள்ள இருக்கிற பவர் சப்ளை பெட்டி) 450 வாட். டிடிஆர்4 8 ஜிபி ரேம் ரெண்டு, எக்ஸ்எம்பி (ரேமை வேகமா ஓட்டுற பயாஸ் செட்டிங்) போட்டு 3200-ல ஓடுது. ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை தானா ரீஸ்டார்ட் ஆகுது. கேம் ஓடும்போதும் ஆகுது, பிரவுசர் மட்டும் திறந்திருக்கும்போதும் ஆகுது. விண்டோஸ் பதிவு காட்டுற ஈவென்ட் வியூவர்ல கெர்னல்-பவர் 41-ங்கற பதிவு தவிர வேற ஒண்ணும் கண்ணுல படல. எஸ்எம்பிஎஸ் போயிடுச்சுன்னு கடையில சொல்றாங்க. மாத்திடலாமா?

பன்னிரண்டு_வோல்ட்:
மாத்திடுங்க. அந்த கார்டு 170 வாட்னு போட்டிருந்தாலும், சில மில்லிசெகண்ட் அதைவிட ரொம்ப அதிகமா இழுக்கும். பழைய 450 வாட் சப்ளையில அந்த நேரம் 12 வோல்ட் லைன் தாழ்ந்தா, எஸ்எம்பிஎஸ் தர்ற ‘பவர் குட்’ சிக்னல் விழும். அது விழுந்த உடனே மதர்போர்டு ரீசெட் ஆகும். விண்டோஸுக்குப் பிழையைச் சொல்ற நீலத்திரையைக் காட்டவே நேரம் கிடைக்காது. உங்க அறிகுறி இதுதான்.

திருப்புளி:
இவ்வளவு சீக்கிரம் முடிவு கட்டாதீங்க சார். 41-ன்னா ‘போன தடவை ஒழுங்கா ஷட்டவுன் ஆகல’ன்னு மட்டும்தான் அர்த்தம். காரணம் அதுல இல்ல. வைகைக்கரை, அந்த 41-ஐத் திறந்து டீடெய்ல்ஸ் டேப்ல ‘பக்செக்கோட்’ எதிர்ல என்ன எண் இருக்குன்னு பாருங்க. 0-ன்னா கரண்ட் அறுந்திருக்கலாம், இல்ல மெஷின் அப்படியே உறைஞ்சிருக்கலாம். வேற எண் இருந்தா நீலத்திரை வந்திருக்கு, நீங்க பாக்குறதுக்குள்ள போயிடுச்சு. 26 மெமரி மேனேஜ்மென்ட், 278 கிராபிக்ஸ் டிரைவர், 292 ஹார்டுவேரே புகார் சொன்ன பிழை. கூடவே வீயா-லாகர் 18-ங்கற ஹார்டுவேர் பிழைப் பதிவு இருக்கான்னும் தேடுங்க.

சிஸ்டம் ப்ராபர்ட்டீஸ்ல ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரிக்குப் போய், ‘தானா ரீஸ்டார்ட்’ டிக்கை எடுத்துடுங்க. பேஜ் ஃபைலை (ரேமுக்குத் துணையா டிஸ்க்ல விண்டோஸ் வச்சிருக்கிற ஃபைல்) யாராவது ஆஃப் பண்ணியிருந்தா திரும்ப ஆன் பண்ணுங்க. அது இல்லாம, நீலத்திரை விவரத்தைச் சேமிக்கிற மினிடம்ப் பதிவாகாது.

இன்னொண்ணு. பிரவுசர் மட்டும் திறந்திருக்கும்போது கார்டு அதோட பவர்ல சின்னப் பங்கைத்தான் இழுக்கும். அப்பவும் விழுதுன்னா, லோடு மேல மட்டும் பழி போட முடியாது.

பன்னிரண்டு_வோல்ட்:
லோடு இல்லாட்டியும் விழலாம். கெப்பாசிட்டர் காஞ்சுபோன எஸ்எம்பிஎஸ், லேசா ஆடுற 24 பின் கனெக்டர், ரெண்டுக்குமே கேம் தேவையில்ல. மல்டிமீட்டர்ல 12 வோல்ட் சரியா காட்டுதுன்னு நம்பவும் கூடாது. 11.4-லிருந்து 12.6 வரைக்கும் அனுமதி உண்டு, ஆனா மில்லிசெகண்ட் சரிவு மீட்டர்ல தெரியாது. செலவில்லாத சோதனை ஒண்ணு இருக்கு: ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேர்ல கிராபிக்ஸ் கார்டோட பவர் லிமிட்டை 60 சதவீதத்துக்கு இறக்கி ரெண்டு நாள் விளையாடுங்க. கேம்ல விழுறது மட்டும் நின்னா என் பக்கம்.

வைகைக்கரை:
பாத்துட்டேன். 41 மொத்தம் ஏழு. ஆறுல 0, ஒண்ணுல 26. வீயா-லாகர் எதுவும் இல்ல. ரேமை அழிப்பான் போட்டுத் தேய்ச்சா சரியாகும்னும் கடையில சொன்னாங்க.

திருப்புளி:
அழிப்பான் வேண்டவே வேண்டாம். அதோட துகள் ஸ்லாட்டுக்குள்ள விழும், தங்கப்பூச்சோ ரொம்ப மெல்லிசு. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலை நூல் விடாத துணியில தொட்டு ஒரு தடவை துடைச்சா போதும். கிளிப் இருக்கிற முனையில டக்குனு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்துங்க. போர்டுல நாலு ஸ்லாட் இருந்தா, ரெண்டு ரேமும் பெரும்பாலும் சிபியூவிலிருந்து எண்ணி 2-ஆவது, 4-ஆவது ஸ்லாட்ல இருக்கணும்.

26 ஒண்ணு இருக்கறதால ரேமை விட முடியாது. எக்ஸ்எம்பி-ங்கறது ஓவர்கிளாக்தான், அதாவது இயல்பு வேகத்தைத் தாண்டி ஓட்டுறது: டிடிஆர்4-க்கு 1.2 வோல்ட் இயல்பு, எக்ஸ்எம்பி பெரும்பாலும் 1.35 கேக்கும். பயாஸ்ல அந்த 1.35 நிஜமா ஏறியிருக்கான்னு பாருங்க. அப்புறம் பென்டிரைவ்ல ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட் போட்டு ராத்திரி முழுக்க, குறைஞ்சது 4 சுற்று ஓட விடுங்க. சிவப்பா ஒரே ஒரு வரி வந்தாலும் தோல்விதான். வந்தா ஒவ்வொரு ரேமா, ஒரே ஸ்லாட்ல போட்டு மறுபடி ஓட்டுங்க. ரேம் மாறியும் பிழை மாறலன்னா ஸ்லாட்டையோ சிபியூவையோ சந்தேகப்படணும்.

பன்னிரண்டு_வோல்ட்:
வோல்டேஜ் ஆடினா நல்ல ரேம்லகூட தப்பான டேட்டா விழும். ஏழுல ஒரே ஒரு 26-ஐ வச்சு ரேம்னு சொல்றது நியாயமில்ல. மெம்டெஸ்ட், கிராபிக்ஸ் கார்டுக்கு வேலை கொடுக்காது. அதனால அதுல பாஸ் ஆனா எஸ்எம்பிஎஸ் தப்பிச்சதுன்னு ஆகாது.

மீட்டர்பெட்டி:
சுவத்துப் பக்கத்தை யாருமே கேக்கல. கம்ப்யூட்டர் இன்வெர்ட்டர் லைன்லயா இருக்கு? இன்வெர்ட்டர் பின்பக்கம் யுபிஎஸ் மோடு, சாதா மோடுன்னு ஒரு சுவிட்ச் இருக்கும். கரண்ட் அறுந்தா, முழு லோடுல நல்ல எஸ்எம்பிஎஸ் ஏறக்குறைய 16 மில்லிசெகண்ட்தான் தாங்கும். சாதா மோடுல இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறுற நேரம் அதைத் தாண்டிடும். 41 வந்த நேரங்களைக் குறிச்சு வச்சு, கரண்ட் போனது, தண்ணி மோட்டார் ஓடினது எதோடயாவது ஒத்துப்போகுதான்னு பாருங்க. எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பாக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ள 300 வோல்ட்டுக்கு மேல தேங்கி நிக்கும்.

வைகைக்கரை:
இன்வெர்ட்டர் லைன்தான். சுவிட்ச் சாதா மோடுல இருக்கு. ஏழுல நாலு, சாயங்காலம் கரண்ட் போய் வந்த நேரம்.

திருப்புளி:
அந்த நாலுக்கு பதில் கிடைச்சிடுச்சு, மீட்டர்பெட்டி சொன்னதை நான் முதல்லயே கேட்டிருக்கணும். இன்னும் மூணு இருக்கு, அதுல ஒண்ணு அந்த 26. இன்னிக்கு சுவிட்சை மட்டும் யுபிஎஸ் மோடுக்கு மாத்துங்க, எக்ஸ்எம்பியைத் தொடாதீங்க. ராத்திரி மெம்டெஸ்ட். அதுல சுத்தமா வந்து, மூணு நாளுக்குள்ள மறுபடி விழுந்தா எக்ஸ்எம்பியை ஆஃப் பண்ணுங்க.

பன்னிரண்டு_வோல்ட்:
அதுக்கப்புறமும் கேம்ல மட்டும் விழுந்தா பவர் லிமிட் 60. அப்ப நின்னுச்சுன்னா 550 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்குங்க. அதுவரைக்கும் பணத்தை எடுக்காதீங்க, அதை நானும் ஒத்துக்கிறேன்.