புதுப்பிப்பு: யுகலேலேவில் புதுப்பாட்டுச் சவால்

எங்கள் யுகலேலே (நாலு கம்பியுள்ள, சின்ன கிட்டார் போன்ற வாத்தியம்) குழுவில் இந்த முறை சமீபத்துப் பாட்டு மட்டும்தான் வாசிக்க வேண்டும், எதை எடுக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பில்லி ஐலிஷின் 'பேர்ட்ஸ் ஆஃப் எ ஃபெதர்' (2024) எடுத்து வாசித்துப் பதிவும் போட்டாயிற்று. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி!

டி, பி மைனர், இ மைனர், ஏ என்று நாலு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) சுற்றிச் சுற்றி வரும் பாட்டு. பி மைனருக்கு ஆள்காட்டி விரலை வாத்தியக் கழுத்தின் இரண்டாம் கட்டில் (ஃப்ரெட்) குறுக்கே அழுத்தி, ஜி கம்பியை நான்காம் கட்டில் பிடிக்க வேண்டும். பாட்டு முழுக்க அப்படிப் பிடித்தால் கை கடுத்துப்போகும். அதனால் இரண்டாம் கட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அழுத்தும் கவ்வி) மாட்டி சி, ஏ மைனர், டி மைனர், ஜி வடிவங்களில் வாசித்தேன். சுருதி அதேதான், விரலுக்குச் சுகம்.

அப்புறம் பேஸ் (தாழ்ந்த சுரங்கள்) பிரச்சினை. வழக்கமான சுருதியில் யுகலேலேவின் தாழ்ந்த கம்பியே நடு சி (பியானோவின் நடுவில் வரும் சி), அதற்குக் கீழே போக முடியாது. அதனால் ஸ்ட்ரம் பண்ணாமல் கம்பிகளைத் தனித்தனியாக மீட்டினேன். உயர் ஜி கம்பி இடையிடையே மணிபோல ஒலித்தது, குரலும் தெளிவாக நின்றது. பேஸுக்காகத் தாழ் ஜி கம்பி (ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது) போடச் சொன்னவர்களே, இந்தப் பாட்டுக்கு உயர் ஜிதான் அழகு என்று நினைக்கிறேன்.

கேப்போ இல்லாமல் வாசித்தவர்கள் உங்கள் பதிவையும் போடுங்கள், கேட்க ரொம்ப ஆசை.