ஊர் வண்டி ஓட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

உறவுகளுக்கு வணக்கம். மியன்மாரில் பகோவுக்கும் தைக்கூவுக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிறது எங்கள் ஊர். லைன் கார் என்கிற பயணிகள் வண்டி ரோட்டோடு போய்விடும். இளவட்டங்களிடம் மோட்டார் சைக்கிள் உண்டு, அவர்களுக்குக் கவலையில்லை. முழங்கால் பிடித்துக்கொண்ட ஆத்தாவையும் நிறைமாசக்காரியையும் பின்சீட்டில் எப்படி உட்காரவைப்பது? மே முதல் அக்டோபர் வரை மழை வேறு. பெரிய வைத்தியம் என்றால் பகோவிலிருந்து இன்னும் சுமார் 80 கிலோமீட்டர் தாண்டி யாங்கோன். அந்த நகருக்குள் 2003 முதல் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. ஆக, எப்படியும் ரோட்டுக்கு வந்து பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

கோயில் கமிட்டியில் பேசி, நெல் மூட்டை ஏற்றும் தோன்பெய்ன் (மூன்று சக்கர மோட்டார் வண்டி) ஒன்றைப் பழையதாக வாங்கி, காலையும் மாலையும் ரோடு வரை ஓட்டலாம் என்றிருக்கிறோம். ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குவதா, வீட்டுக்கு மாதவரியா? மாதவரி என்றால் பாதிப்பேர் அறுப்பு முடிந்துதான் தருவார்கள். பெட்ரோலுக்கோ தினமும் காசு வேண்டும். அப்புறம், பின்தொட்டிக்குக் கூரையும் பெஞ்சும் அடித்துத் தரும் பட்டறை பகோவில் எங்கே இருக்கிறது? படி தாழ்வாக இருக்க வேண்டும், அது முக்கியம். இப்போது இந்த மாதிரி வண்டியில் ஆத்தாமார் டயரில் கால் வைத்துத்தான் ஏறுகிறார்கள்.

நன்கொடை கேட்கவில்லை அண்ணே, அக்கா. நடத்திப் பார்த்தவர்களின் கணக்கு வழக்கு தெரிந்தால் போதும்.