கனடாவின் பூர்வகுடிகளான அல்கான்குவின் மக்களையும் அவர்கள் உறவினங்களையும் நேரில் சந்தித்தவர்கள் சொல்லுங்கள்

ஒட்டாவா உறுப்பினர்:
இங்கே எந்த விழாவுக்குப் போனாலும், இது அல்கான்குவின் அனிஷினாபே (அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர்) மக்கள் விட்டுக்கொடுக்காத நிலம் என்று சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. அந்த மக்களோடு உட்கார்ந்து பேசியது பிக்வாக்கனகனில்தான். கோல்டன் லேக் கரையில் இருக்கும் ஊர். காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஆகஸ்டில் அங்கே பவ்வாவ் என்ற ஆட்டபாட்டத் திருவிழா நடக்கும்.

முன்னாள் படைவீரர்கள் கழுகு இறகுக் கோலோடு முதலில் உள்ளே வருவார்கள். எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், அந்த நேரம் படம் எடுக்கக் கூடாது என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் ஜிங்கிள் உடை ஆட்டம். உடை முழுக்கத் தகரக் கூம்புகள், அடி வைக்க வைக்கச் சலசலவென்று மழைச் சத்தம். உறவினமான ஓஜிப்வே மக்களிடம் 1918 கொள்ளைக் காய்ச்சல் காலத்தில், நோய் தீர்க்கும் ஆட்டமாகப் பிறந்தது. அந்த நாளில் மூக்குப்பொடி டப்பா மூடியைச் சுருட்டித்தான் கூம்பு செய்தார்களாம்.

பக்கத்தில் இருந்த பாட்டியிடம் அல்கான்குவின் பார்க் அழகைப் புகழ்ந்தேன். "எங்கள் பெயரை வைத்தார்கள், எங்களை வேட்டையாட விடவில்லை" என்றார். 1893-ல் பூங்கா வந்தபின் சொந்தக் காட்டிலேயே திருட்டு வேட்டைக்காரர்கள் ஆகிவிட்டார்கள். நிலத்தைக் கேட்டு 1772-லிருந்து மனு கொடுத்தவர்கள் இவர்கள். கொள்கையளவில் ஓர் உடன்பாடு கையெழுத்தானதே 2016-ல்தான். 36,000 சதுர கிலோமீட்டர் பற்றிய பேச்சு அது, ஒட்டாவாவில் கனடா நாடாளுமன்றம் நிற்கும் இடமும் அதற்குள் வரும். கியூபெக் பக்கத்து கிட்டிகன் ஸிபி போன்ற அல்கான்குவின் ஊர்கள் அதில் சேரவில்லை.

வட ஒன்டாரியோவில் வேலை பார்த்தவர்:
நான் பழகியது அல்கான்குவினுக்கு உறவினமான கிரீ மக்களோடு. அவர்கள் வாழும் வடக்கு ஊரான மூசோனிக்குச் சாலை கிடையாது. காக்ரேனிலிருந்து ரயிலில் சுமார் 300 கிலோமீட்டர். மூஸ் ஃபாக்டரி தீவுக்குக் கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேலேயே வண்டி.

அறிவிப்புப் பலகைகளில் கிரீ எழுத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். நம் உயிர்மெய் போலத்தான், ஆனால் கொம்பும் காலும் இல்லை. எழுத்தையே திருப்பிவிடுகிறார்கள். முக்கோணம் மேலே பார்த்தால் 'பி', கீழே பார்த்தால் 'பே', வலப்பக்கம் 'போ', இடப்பக்கம் 'ப'. 1840-ல் ஜேம்ஸ் எவன்ஸ் என்ற பாதிரியார் உருவாக்கினார் என்பது புத்தகக் கணக்கு. கிரீ மக்களிடம் வேறு கதை உண்டு: எழுத்து ஆவி உலகிலிருந்து தங்கள் பெரியவர் ஒருவருக்குக் கிடைத்தது என்பார்கள். கூட வேலை செய்த கிரீ அண்ணன் ஒருவர் மதிய இடைவேளையில் என் பெயரை எழுதிக் காட்டினார். 'ழ'வுக்குத்தான் திண்டாடிப் போனார், பாவம்.

மொன்ட்ரியல்:
எங்கள் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கானவாகே ஊர் மக்களும் அல்கான்குவின் மக்களும் ஒன்று என்று நம்மவர்கள் பலர் பேசுகிறார்கள். இல்லை. அவர்கள் மோஹாக், இரோக்குவா மொழிக் குடும்பம். அல்கான்குவினுக்கு நெருங்கிய சொந்தம் ஓஜிப்வே, ஒடாவா. கிரீ அடுத்த வட்டம். மேற்கே பிளாக்ஃபுட், ஷயான் எல்லாம் தூரத்துச் சொந்தம்.

ஹாலிஃபாக்ஸ்:
கிழக்கே இதே மொழிக் குடும்பத்து மிக்மாக் மக்களை விட்டுவிட்டீர்களே! மிக்மாக் மொழிதான் நோவா ஸ்கோஷியாவின் முதல் மொழி என்று 2022-லேயே மாகாணச் சட்டம் வந்துவிட்டது. கேப் பிரெட்டன் தீவில் மிக்மாக் ஊரான எஸ்கசோனி பக்கம் போனால் கடையில் நின்று கேளுங்கள், சின்னப் பிள்ளைகள் அதில் பேசுவது காதில் விழும்.