கப்பலில் ஆகஸ்ட் 15: அப்பா கொடியேற்றியே தீருவேன் என்கிறார்

தல்லாகுளத்தான்:

வணக்கம். இந்த ஆகஸ்டில் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு சியாட்டிலில் இருந்து அலாஸ்கா குரூஸ் போகிறோம். ஏழு இரவு. 15ஆம் தேதி கப்பல் ஜூனோவில் நிற்கும். டிக்கெட் போட்டபோது அந்தத் தேதியை யாரும் கவனிக்கவில்லை, அப்பாவைத் தவிர.

அப்பா மேலூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் எங்கள் தெருவில் சுதந்திர தினக் கொடி அவர் கையால்தான் ஏறும். ஊரிலிருந்து வரும்போதே பெட்டியில் கதர்க் கொடி, மடித்து வைக்கும்போது உள்ளே போட உலர்ந்த ரோஜா இதழ், ஆரஞ்சு மிட்டாய் எல்லாம் வந்துவிட்டன. “கப்பல்னா கொடிமரம் இல்லாமலா இருக்கும்? கேப்டனுக்கு ஒரு விண்ணப்பம் கொடுப்போம்” என்கிறார். எழுதியே விட்டார், ஒன்றரைப் பக்கம்.

கப்பலில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். கொடிமரத்தில் ஏற்ற வாய்ப்பு உண்டா? இல்லையென்றால் எங்கள் பால்கனியில் கட்டிக்கொள்ளலாமா? மிட்டாயை உள்ளே விடுவார்களா? அப்பாவிடம் வெறுமனே ‘முடியாது’ என்று சொன்னால் எடுபடாது. காரணத்தோடு சொல்லுங்கள்.

கேலி அண்ணாச்சி:

தம்பி, நமக்குத் தூத்துக்குடி. கேட்டரிங் படிச்சிட்டு குரூஸ் கப்பல் கேலியில, அதாவது சமையற்கட்டுல, ரொம்ப காலம் கிடந்தவன், இப்ப கரையில கடை வச்சிருக்கேன். கப்பல் பேரு, கம்பெனி பேரு எதுவும் வேண்டாம். எல்லாத்துலயும் கதை ஒண்ணுதான்.

கொடிமரம் நடக்காது. காரணம் சொல்லுதேன், சாருக்குப் பிடிக்கும். நீங்க அமெரிக்காவுல ஏறி அமெரிக்காவுல இறங்கினாலும் அது அமெரிக்கக் கப்பலா இருக்காது. ஏறுறதுக்கு முன்னால பின்பக்கத்தைப் பாருங்க. கப்பல் பேருக்குக் கீழே நசாவ்னோ, ஹாமில்டன்னோ, பனாமான்னோ எழுதியிருக்கும். எந்த நாட்டுல பதிவோ அந்த நாட்டுக் கொடிதான் பின்னால பறக்கும். பஹாமாஸ் கப்பல்னா செவப்புத் துணியில வெள்ளைச் சிலுவை, மூலையில அந்த நாட்டுக் கொடி. முன்னால உயரத்துல, எந்த நாட்டுத் துறைமுகத்துக்குள்ள போறோமோ அந்த நாட்டுக் கொடியை மரியாதைக்கு ஏத்துவாங்க. அலாஸ்காவுல அமெரிக்கக் கொடி, விக்டோரியாவுல கனடாக் கொடி. நம்ம கொடி மேல போகணும்னா கப்பல் கொச்சிக்கோ மும்பைக்கோ சென்னைக்கோ வரணும். பயணி கேட்டாருன்னு ஏத்துற சமாச்சாரம் இல்லை. கேப்டனே ஆசைப்பட்டாலும் அந்த முறையை மாத்த மாட்டார்.

உங்க கப்பல் விக்டோரியாவுல ஒரு சாயங்காலம் நிக்கிறதுக்கும் இதுதான் காரணம். வெளிநாட்டுப் பதிவுக் கப்பல் அமெரிக்காவுல ஏத்தின ஆளை வேற எந்த நாட்டையும் தொடாம அமெரிக்காவுலயே சுத்திட்டு இறக்கக்கூடாதுன்னு 1886லயே ஒரு சட்டம் போட்டுட்டாங்க. அதுக்காக ஒரு கும்பிடு போட்டுட்டு வர்ற ஊர் அது. ஊர் அழகுதான், அது வேற விஷயம்.

சட்டப்படி பார்த்தா அந்தக் கப்பலுக்குன்னே ஒரு சுதந்திர தினம் உண்டு. பஹாமாஸ் பதிவுன்னா ஜூலை 10, அவங்க 1973ல விடுதலை வாங்கினாங்க. நான் இருந்த கப்பல்கள்ல அன்னைக்கு ஒரு கேக்கு வெட்டினது கிடையாது. எவன் காசு கொடுத்து ஏறியிருக்கானோ அவன் நாட்டு விழாதான் மேல நடக்கும். ஜூலை 1 கனடாக்காரங்களுக்கு, ஜூலை 4 அமெரிக்காக்காரங்களுக்கு. முந்தின ராத்திரி முழுக்க பேஸ்ட்ரி ஆளுங்க செவப்பு, வெள்ளை, நீலம்னு கிரீம் பிழிஞ்சே கை வீங்கிப் போவும். தர்ப்பூசணியில கழுகு செதுக்குவோம். வாணவேடிக்கை இருக்கும்னு நினைச்சு டெக்குல வந்து நிப்பாங்க பாவம். நடுக்கடல்ல வாணம் விடுறதுன்னா அது டிஸ்னி கப்பல் சமாச்சாரம். மத்தவங்க பெரும்பாலும் தொட மாட்டாங்க. கப்பல்ல இருக்குற ராக்கெட்டெல்லாம் ஆபத்துல உதவி கேட்க வச்சிருக்குறது, வேடிக்கைக்குக் கொளுத்தினா குத்தம். ஜூனோ ஊர்க்காரங்க ஜூலை 3 ராத்திரி 11:59க்கே விட ஆரம்பிச்சிருவாங்க. கோடையில அங்க இருட்டவே அம்புட்டு நேரம் ஆவும்.

உண்மையான சுதந்திர தினம் நடக்குறது கீழே, தண்ணி மட்டத்துக்கும் கீழே. அதை நீங்க பார்க்க முடியாது. பாதுகாப்பு விதி, பயணிகளை அங்க விட மாட்டாங்க. அதனால நான் சொல்லிருதேன்.

க்ரூ மெஸ்ஸுல அம்பது அறுபது நாட்டு ஆளுங்க சாப்பிடுவோம். பிலிப்பைன்ஸ்காரங்க, இந்தோனேசியாக்காரங்க, நம்மாளுங்க, இந்த மூணும்தான் பெருங்கூட்டம். யாருக்குமே அன்னைக்கு லீவு கிடையாது. காண்ட்ராக்ட் முடியுற வரைக்கும் முழுநாள் லீவுன்னு ஒண்ணே கிடையாது. எவ்வளவு வேலைன்னாலும் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓய்வு கொடுத்தாகணும்னு சர்வதேச விதி இருக்கு. கொண்டாட்டத்தை அந்தப் பத்துல இருந்துதான் திருடணும். டின்னர் முடிஞ்சு, அடுப்பைத் துடைச்சு, ராத்திரி பதினொண்ணரைக்கு மேலதான் ஜன கண மன. இன்ஜின் பசங்க பாய்லர் சூட்டோட வந்து நிப்பாங்க, ஸ்பா பிள்ளைங்க சேலை கட்டி வந்து நிப்பாங்க. ஒரு வருஷம் மேல லவுஞ்சுல கீபோர்டு வாசிக்கிற பிலிப்பினோ பையன் நம்ம தேசிய கீதத்தை போன்ல ரெண்டு தடவை கேட்டுட்டு அப்படியே வாசிச்சான். எங்கள்ல பாதிப் பேரு சுருதி விலகுனோம், அவன் விலகலை.

பிரியாணிக்கு மட்டும் வருஷா வருஷம் சண்டை. ஹைதராபாத்காரன் ஒண்ணு சொல்லுவான், கோவாக்காரன் ஒண்ணு சொல்லுவான், கல்கத்தாக்காரன் உருளைக்கிழங்கு போடுவோமாங்கான். நான் சீரகச் சம்பா கேட்டா ஸ்டோர் கீப்பர் சிரிப்பான். கடைசியில பாஸ்மதியில எவனுக்கும் சொந்தமில்லாத ஒரு பிரியாணி வரும். பானை காலியாயிரும்.

ஆனா மனசாரச் சொல்லுதேன், ரெண்டு நாள் கழிச்சு 17ஆம் தேதி வர்ற இந்தோனேசியாக்காரங்க சுதந்திர தினம்தான் விழா. நம்மது பேச்சு, குரூப் போட்டோ, குலாப் ஜாமூன், அவ்வளவுதான். அவங்க 1945ஐ விளையாடியே கொண்டாடுவாங்க. கயித்துல இறால் அப்பளத்தைக் கட்டித் தொங்க விட்டு, கையைப் பின்னால கட்டிட்டு வாயால கடிச்சுத் தின்னணும். கப்பல் ஆட அப்பளமும் ஆடும். ஐ-95ன்னு நாங்க சொல்லுற நீளமான நடைபாதை கீழே முன்னால இருந்து பின்னால வரைக்கும் ஓடும், அதுல சாக்கு ஓட்டம். சாக்குக்குப் பதிலா லாண்டரிப் பை. ஊர்ல அவங்க வழுக்கு மரம் ஏறுவாங்களாம். கப்பல் கூரை உயரத்துக்கு அது ஆவாதுன்னு ரொம்ப வருத்தம் அவங்களுக்கு.

இனி உங்க விஷயம். பால்கனியில எதையும் கட்டாதீங்க. தீ, காத்து ரெண்டுக்காகவும் தடை. காத்துல கொடி பிச்சுட்டுக் கடல்ல விழுந்தா என்ன ஆவும்? தண்ணியிலோ தரையிலோ படக்கூடாதுன்னு கொடிச் சட்டத்துலயே இருக்கு, சாருக்குத் தெரிஞ்சிருக்கும். ரோஜா இதழும் ரூமுக்குள்ளயே இருக்கட்டும், கடல்ல எதையும் எறியக்கூடாது. மிட்டாய் கம்பெனி பாக்கெட் பிரிக்காம இருந்தா பிரச்சினை வராது. வீட்டுல செஞ்ச அதிரசம், முறுக்குன்னா வாங்கி வச்சிருவாங்க.

செய்யக்கூடியது இது. ஏறின அன்னைக்கே கெஸ்ட் சர்வீஸ்ல போய், இந்தியப் பயணிகள் சந்திப்புன்னு அரை மணி நேரம் ஒரு சின்ன லவுஞ்ச் கேளுங்க. பயணிகள் தாங்களே கூடுற சந்திப்புகளை தினசரி நிகழ்ச்சித் தாள்ல போட்டுக் கொடுப்பாங்க. மேசைக் கொடி ஒண்ணு வாங்கிக்கிடுங்க. பெரிய கொடியை ரெண்டு பேரு கையில விரிச்சுப் பிடிக்கலாம்.

வடக்கு வாடை:

நான் இருக்கிறது நோர்வேயில, பேர்கன். ஊர் யாழ்ப்பாணம். அண்ணாச்சி சொன்னது முழுக்கச் சரி, ஆனா ஒரு விதிவிலக்கு இருக்கு. கப்பலின்ர கொடியும் ஓடுற கடலும் ஏறியிருக்கிற சனமும் ஒரே நாடா இருந்தா எப்பிடி இருக்கும் எண்டு பாக்க விரும்பினா மே 17க்கு இஞ்ச வாங்கோ. 1814ல அரசியலமைப்பு எழுதின நாள். பேர்கனில இருந்து கிர்க்கெனெஸ் வரைக்கும் 34 துறைமுகம் தொட்டு ஓடுற ஹுர்டிக்ரூட்டன் கப்பல் 1893ல இருந்து இருக்கு. அது உல்லாசக் கப்பல் மட்டுமில்லை, கரையோரச் சனத்துக்குப் பஸ் மாதிரி. தபாலும் சாமானும் அதிலதான் போய் வந்தது.

மனிசியும் நானும் ஒருமுறை அந்த நாளில அதில இருந்தனாங்கள். காலமை சாப்பாட்டு மேசை எல்லாம் கொடி. வேலை செய்யிற பிள்ளையள் சிலர் புனாட் எண்ட அவையின்ர பாரம்பரிய உடுப்போட நிண்டவை. கப்பல் நிண்ட ஒரு சின்ன ஊரில சின்னப் பிள்ளையளின்ர ஊர்வலம் போகுது. பயணியள் எல்லாரும் இறங்கிப் பின்னால நடந்தம். இராணுவ அணிவகுப்பு ஒண்டும் இல்லை. பிள்ளையள், பாண்ட் வாத்தியம், ஹொட் டோக், ஐஸ்கிறீம். எனக்கு அது பிடிச்சது. அந்தக் காலத்தில வடமுனைப் பக்கம் சூரியன் மறையாது, ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் டெக்கில கொடியோட நிண்டு படம் எடுத்துக்கொண்டிருந்திச்சினம்.

எனக்கெண்டு ஒரு கொடி எது எண்ட கேள்விக்கு இதில பதில் எழுத மாட்டன், அது வேற திரி.

தெம்பனிஸ் சுமதி:

சிங்கப்பூரிலிருந்து ஒரு சின்ன அனுபவம். ஆகஸ்ட் 9 விடுமுறையில் மரினா பே முனையத்தில் பினாங்கு கப்பல் ஏறினோம். தேசிய தின வாணவேடிக்கையைக் கடலில் இருந்து பார்க்கலாம் என்று பலரும் கற்பனை செய்திருந்தார்கள். கப்பல் மாலையிலேயே கிளம்பிவிட்டது, வாணவேடிக்கை இரவில்தானே! கைப்பேசியில்தான் பார்த்தோம். எங்கள் தேசிய கீதம் ‘மஜுலா சிங்கப்பூரா’ ஒலித்ததும் நீச்சல் குளப் பக்கம் சிவப்புச் சட்டைக்காரர்கள் மட்டும் எழுந்து நின்றார்கள். மற்றவர்கள் பாட்டுக்குச் சாத்தே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் அம்மா தேசிய உறுதிமொழியைத் தமிழில் உரக்கச் சொன்னார். 1966இல் அதை எழுதிய ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்பதில் அம்மாவுக்குத் தனிப் பெருமை.

கப்பல் நிர்வாகம் ஏதாவது செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள், தல்லாகுளத்தான். அவர்கள் செய்தால் பலூனும் கேக்குமாகத்தான் இருக்கும். நாமே பத்துப் பேராகக் கூடி நிற்பது எவ்வளவோ மேல்.

தல்லாகுளத்தான்:

எல்லோருக்கும் நன்றி. அண்ணாச்சி எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பின்பக்கக் கொடி, முன்பக்கக் கொடி விளக்கத்தை ஒப்புக்கொண்டுவிட்டார். 1886 சட்டத்தைக் குறித்து வைத்துக்கொண்டார். இந்தோனேசியா நம்மைவிட நன்றாகக் கொண்டாடுகிறது என்பதை மட்டும் ஏற்கவில்லை.

இப்போது புதுக் கேள்வி: செங்கோட்டையில் கொடியேறும் அதே நேரத்தில் தானும் நிற்க வேண்டுமாம். கப்பலில் அது எத்தனை மணி? கீழே வேலை செய்யும் நம் பிள்ளைகளைச் சந்தித்து மிட்டாய் கொடுக்க ஏதாவது வழி உண்டா?

கேலி அண்ணாச்சி:

மணிக் கணக்கு முதல்ல. கோடையில அலாஸ்கா நேரம் நமக்குப் பதிமூணரை மணி நேரம் பின்னால. டெல்லியில 15ஆம் தேதி காலை ஏழரைன்னா உங்களுக்கு 14ஆம் தேதி சாயங்காலம் ஆறு. சென்னைக் கோட்டையில முதலமைச்சர் கொடியேத்துறது ஒன்பது மணின்னு வச்சிக்கிட்டா உங்களுக்கு ஏழரை. அதனால லவுஞ்சை 14ஆம் தேதி சாயங்காலத்துக்குக் கேளுங்க. அந்த நேரம் பாதிப் பேரு டின்னருக்குப் போயிருவாங்க, இடம் லேசாக் கிடைக்கும். கப்பல் ரெண்டு மலைக்கு நடுவுல இருந்தா நெட்டு இழுக்கும், நேரலையை நம்பி நிக்காதீங்க. தேசிய கீதத்தை முன்கூட்டியே போன்ல இறக்கி வச்சிக்கிடுங்க.

நம்ம பசங்களைப் பார்க்க கீழே போகவே வேண்டாம். எல்லார் மார்புலயும் பேரும், பேருக்குக் கீழே நாடும் எழுதின பட்டை இருக்கும். இந்தியான்னு பார்த்தா நின்னு, எந்த ஊருன்னு கேளுங்க. தமிழ்ல கேட்டா சிலபேரு தட்டை வச்சிட்டுத் திரும்பிப் பார்ப்பான். ரொம்ப நேரம் நிறுத்தி வைக்காதீங்க, சூப்பர்வைசர் பார்த்துட்டு இருப்பார். ஜூனோவுல கப்பல் நிக்கிற இடத்துப் பக்கத்துலயே, கார் நிறுத்துற கட்டடத்து மேல ஊர் நூலகம் இருக்கு. ரெண்டு மணி நேரம் வெளியே விட்டா க்ரூ பசங்க அங்க வந்து உக்காந்து வீட்டுக்குப் பேசுவாங்க. சாரு 15ஆம் தேதி மத்தியானம் மிட்டாய்ப் பையோட அந்தப் பக்கம் ஒரு நடை போயிட்டு வரட்டும். பிரிக்காத பாக்கெட்டாவே கையில கொடுத்துருங்க, இல்லைன்னா ஏறும்போது செக்யூரிட்டியில பிடிப்பாங்க.

சாப்பாடும் சொல்லிருதேன். அன்னைக்கு டின்னருக்கு இந்தியச் சாப்பாடு வேணும்னா முந்தின ராத்திரியே டைனிங் ரூம் மேலாளர்கிட்ட சொல்லணும். மெனுவுல இருக்காது, ஆனா உள்ளே நம்மாளு எவனாவது இருப்பான். பன்னீர், பருப்பு தவிர வேற என்ன வருதுன்னு கேளுங்க. சாம்பார் கேக்காதீங்க. அதை எவனாவது வடக்கத்தியான் வச்சு, சாரு மனசு உடைஞ்சு போயிருவார்.