தாத்தாவின் த்ரீ நாட் த்ரீ: எந்தப் பழைய ராணுவ ரைஃபிள் வாங்கலாம்?

திண்டுக்கல்_பேரன்:

வணக்கம். டெக்சாஸில் இருக்கிறேன். போன வருஷம் கிரீன் கார்டு வந்தது. அதற்குப் பிறகு நண்பனோடு ரேஞ்சுக்குப் போய் .22 சுட்டுப் பழகியதோடு சரி, சொந்தமாக எதுவும் இல்லை. பழைய ராணுவ ரைஃபிள் ஒன்று வாங்க ஆசை. மாசம் ஒரு தடவை நாற்பது ஐம்பது தோட்டா சுடணும், மற்ற நாளெல்லாம் பெட்டிக்குள் பூட்டி வைக்கப் போகிறேன்.

ஆசைக்குக் காரணம் அம்மாவைப் பெற்ற தாத்தா. ஏட்டாக ரிடையர் ஆனவர். டிரெஷரி காவல் ட்யூட்டியில் ராத்திரி பூரா த்ரீ நாட் த்ரீயை (.303 தோட்டா போடும் ரைஃபிள்) பிடித்துக்கொண்டு நின்ற கதையை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்.

போன ஞாயிறு ஒரு கன் ஷோவில் மூன்று பார்த்தேன். ரஷ்ய மோசின் நாகன் 91/30, 425 டாலர். பிரிட்டிஷ் ராணுவத்து .303 ரைஃபிளான லீ-என்ஃபீல்டு நம்பர் 4, கனடாவின் லாங் பிராஞ்சில் 1943-இல் செய்தது, 650. மூன்றாவது இஷாப்பூர் 2ஏ1, 475. "இது இந்தியாவில் செய்த .303, உனக்கென்றே வந்திருக்கு" என்றார் விற்பவர். கை அரித்தது, ஆனாலும் வாங்காமல் வந்துவிட்டேன். எது சரி?

பழைய_இரும்பு (ஒஹாயோ):

வாங்காமல் வந்ததே பெரிய புண்ணியம் தம்பி. அந்த இஷாப்பூர் 2ஏ1 .303-யே இல்லை. அது 7.62 நேட்டோ தோட்டாவுக்குச் செய்தது. 1962 சீனப் போருக்கு அப்புறம், பழைய .303 அச்சிலேயே நல்ல எஃகு போட்டு வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் அடித்தார்கள். அடுத்த தடவை மேகசினை, அதாவது அடியில் தொங்கும் தோட்டாக் கூட்டை, பாருங்கள். .303-க்கு அடிப்பக்கம் சரிந்து வரும், பத்து தோட்டா. 2ஏ1-க்குப் பெட்டி மாதிரி சதுரமாக இருக்கும், பன்னிரண்டு. விற்கிறவருக்கே எந்தத் தோட்டா என்று தெரியவில்லை என்றால், அவர் சொல்லும் மற்ற எதையும் நம்பாதீர்கள். துப்பாக்கி நல்ல துப்பாக்கிதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். என்னிடமும் ஒன்று இருக்கிறது, நேட்டோ அளவுத் தோட்டா மட்டும் போடுகிறேன்.

மோசின் பற்றி ஒரு வார்த்தை. 2010 வாக்கில் நூறு டாலர் சொச்சத்துக்குக் கிடைத்தது, நானும் அப்போது வாங்கினேன். 440 தோட்டா அடைத்த தகர டின்னும் மலிவு. அந்தக் காலம் போச்சு. 2021 செப்டம்பரில் ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்குப் புது அனுமதி தருவதை அமெரிக்கா நிறுத்திவிட்டது. இன்று 425 கொடுத்து மோசின் வாங்க நான் ஒரு காரணமும் பார்க்கவில்லை.

அந்த மோசினில் நான் பட்ட பாட்டையும் சொல்கிறேன். பழைய ராணுவத் தோட்டாவின் பிரைமரில் (மருந்தைப் பற்றவைக்கும் அடிப்பொட்டு) பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டதும் குழலுக்குள் உப்பாகப் படியும், அந்த உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஜூலை மாசம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுட்டுவிட்டு, "ஞாயிறு துடைத்துக்கலாம்" என்று சாத்திவிட்டேன். ஞாயிறு வெள்ளைத் துணியை உள்ளே விட்டு இழுத்தால் ரசம் வடிகட்டின துணி மாதிரி வந்தது. எண்ணெய்க்கு உப்பு கரையாது. முதலில் கொதிக்கிற தண்ணீர், பிறகுதான் எண்ணெய்.

இப்போது உங்கள் கேள்வி. தாத்தா படம் ஏதாவது இருக்கிறதா? ரைஃபிளின் மூக்கைப் பாருங்கள். குழல் ஓர் அங்குலம் போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நம்பர் 4. இரும்புத் தொப்பிக்குள் மட்டமாக முடிந்து சப்பையாக இருந்தால் அதே லீ-என்ஃபீல்டில் நம்பர் 1 மார்க் 3, அதாவது முதல் உலகப்போர்க் காலத்து உருவம். அதையும் இஷாப்பூரில்தான் செய்தார்கள், சுதந்திரத்துக்கு அப்புறமும்.

ஆல்ப்ஸ்_அண்ணாச்சி:

தாத்தா கதையெல்லாம் சரி, குறி தப்பக்கூடாது என்றால் சுவிஸ் கே31 வாங்குங்க. போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் தண்டு) திருப்பவே வேண்டாம், நேரே இழுத்துத் தள்ளினால் போதும். கட்டையின் பின்தகட்டைக் கழற்றினால் சிலதில் அந்தக் காலத்துச் சிப்பாயின் பேரும் விலாசமும் எழுதின சீட்டு கிடைக்கும். எனக்குக் கிடைத்தது, பெர்ன் பக்கத்து ஆள்.

சென்னைவாசி:

பெருமூச்சு விட்டுக்கொண்டே படிக்கிறேன். இங்கே .303 தடைசெய்யப்பட்ட குழல் அளவு (prohibited bore), என்னை மாதிரி ஆளுக்கு லைசென்ஸே கிடையாது. நீங்களாவது அனுபவியுங்கள்.

திண்டுக்கல்_பேரன்:

அம்மாவிடம் கேட்டு வாட்ஸாப்பில் படம் வரவழைத்தேன். தாத்தா அட்டென்ஷனில் நிற்கிறார். மூக்கு சப்பை! மேகசின் சரிவு. ஆக நம்பர் 1. இணையத்தில் தேடினால் கிடைக்கிறது, ஆனால் எதைப் பார்த்து வாங்குவது? அமெரிக்க அரசின் பழைய துப்பாக்கிகளை விற்கும் சிஎம்பி-யில் கிடைக்குமா?

பழைய_இரும்பு:

சிஎம்பி-யில் அமெரிக்க ராணுவச் சரக்குதான், முக்கியமாக எம்1 கேரண்ட். அதற்கும் குடியுரிமை வேண்டும், கிரீன் கார்டு போதாது. கடையில் 4473 படிவம் நிரப்பி வாங்க உங்களுக்குத் தடையில்லை. இதைப் படிக்கிற எச்-1பி தம்பிகளுக்கும் சொல்கிறேன்: வேட்டை லைசென்ஸ் போன்ற விதிவிலக்கு இல்லாமல் துப்பாக்கியைத் தொடாதீர்கள், விசாவே போய்விடும்.

நம்பர் 1-இல் முதலில் போல்ட் எண்ணும் உடல் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வேறு வேறு என்றால் ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட் முகத்துக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி, அளக்காமல் சுடவே கூடாது. நம்பர் 4-க்கு போல்ட் தலை 0 முதல் 3 வரை எண் போட்டு வரும், மாற்றிச் சரி பண்ணலாம். நம்பர் 1-க்கு அந்த வசதி இல்லை.

அடுத்து, குழல் வாயில் ஒரு .303 தோட்டாவைக் குண்டுப் பக்கமாக மெல்ல விட்டுப் பாருங்கள் (போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு!). பித்தளை விளிம்பு வரை போய் உட்கார்ந்தால் வாய் தேய்ந்துவிட்டது. உள்பக்கம் கறுத்திருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், குழலுக்குள் சுற்றி வெட்டின வரிகள் கூர்மையாக இருந்தால் சுடும். அந்தக் காலத் தோட்டாவில் மருந்தே தூள் இல்லை, சேமியா மாதிரி நீள நீளக் கார்டைட் குச்சி. நம்ம நீலகிரி அருவங்காட்டில் செய்ததும் அதுதான். சூடு அதிகம், குழலின் அடிவாயை அரித்துவிடும்.

கட்டையில் "டிபி" என்று அடித்திருந்தால் அது டிரில் பயிற்சிக்கு ஒதுக்கினது, சுடாதீர்கள். ஜெயில், போலீஸ் காவலுக்காக .410 மஸ்கட்டாக மாற்றினதும் சந்தையில் சுற்றுகிறது, உள்ளே வரியே இருக்காது. முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகாணி தெரிந்தால் பயப்படாதீர்கள், அது இஷாப்பூர்க்காரர்கள் பலத்துக்குப் போட்டது. கிரீடமும் "ஜிஆர்ஐ"யும் இருந்தால் வெள்ளைக்காரன் காலம். அசோகச் சிங்கம் இருந்தால் நம்ம காலம். தாத்தா எந்த வருஷம் வேலையில் சேர்ந்தார்?

திண்டுக்கல்_பேரன்:

1958.

மூன்று வாரம் ஆச்சு, வாங்கிவிட்டேன். சிங்கம் போட்டது, எண் இரண்டும் பொருந்துகிறது, 520 டாலர். துப்பாக்கி மெக்கானிக் அளந்து சரி என்றார். புது செர்பியத் தோட்டா இருபது சுட்டேன். தோளில் நாளைக்கும் வலிக்கும் போலிருக்கு. கட்டை மட்டும் வறண்டு வெளுத்துக் கிடக்கிறது. தேய்த்து வார்னிஷ் அடிக்கலாமா?

பழைய_இரும்பு:

ஐயோ, உப்புத்தாளைக் கீழே வையுங்கள்! முத்திரை அழிந்தால் பாதி விலை போச்சு. ஆளி விதை எண்ணெய், பச்சையானது, கையாலேயே தேய்த்து ஒரு வாரம் விடுங்கள், திரும்பத் தேய்யுங்கள். எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிடாதீர்கள், தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும். வெளியே கொடியில் விரித்துக் காயப்போடுங்கள்.