களத்தில் ஒரு ரெஜிமென்ட்டைக்கூட நடத்தாத மோல்ட்கே எப்படித் தலைமைக்கு வந்தார்?

வாசகி_தேனி: பிரஷ்யா என்ற பழைய ஜெர்மன் அரசின் தளபதி ஹெல்முத் ஃபொன் மோல்ட்கே (1800–1891) பற்றிப் படிக்கிறேன். களத்தில் ஒரு ரெஜிமென்ட்டைக்கூட நடத்தியதில்லை என்கிறார்கள். அப்படிப்பட்டவரை 1857-ல் படைத் தலைமையகத்துக்குத் தலைவராக்கியது ஏன்?

கரிசல்: அன்றைக்கு அது பெரிய பதவியே இல்லை, தேனி. வரைபடமும் காகிதமுமான வேலை. அவருக்குப் பட்டறிவும் இருந்தது. 1839-ல் நெசிப் போரில் துருக்கிப் படைக்கு ஆலோசகர். பின்வாங்கச் சொன்னார், துருக்கித் தளபதியான பாஷா கேட்கவில்லை, படை சிதறிப்போனது.

கன்ட்ரோல்_சார்ட்: ரயில்வேயில் செக்ஷன் கன்ட்ரோலராக, அதாவது ஒரு பகுதியில் ரயில்களின் ஓட்டத்தைச் சார்ட்டில் வரைந்து நடத்துபவனாக, 31 வருடம் இருந்தவன் நான். மோல்ட்கேயை நான் பிடித்துக்கொண்டது ரயில் வழியாகத்தான். 1840-களிலேயே பெர்லின்–ஹாம்பர்க் ரயில் கம்பெனியில் பணம் போட்டு, அதன் இயக்குநராகவும் இருந்தவர் அவர். தண்டவாளம் படையை என்ன செய்யும் என்பது அவருக்கு அப்போதே தெரியும்.

1866-ல் ஆஸ்திரியாவோடு போர். எல்லைக்குப் படையை இறக்க அவருக்கு 5 ரயில் பாதைகள், எதிரிக்கு ஒன்றே ஒன்று. ஒரே பாதை என்றால் என்னவென்று சார்ட் போட்டவனுக்குத்தான் தெரியும். ஆட்களை இறக்கிய காலி ரேக் (பெட்டித் தொடர்) அதே வழியாகத்தான் திரும்ப வேண்டும், எதிரே வருவது லூப்பில் (ஒதுங்கும் பக்கப் பாதையில்) நிற்க வேண்டும். என் செக்ஷனில் ஒரு நாள் சிங்கிள் லைனில் ஒரே ஒரு இன்ஜின் நடுவழியில் படுத்தது. விடியும்வரை பின்னால் எதுவும் நகரவில்லை.

5 பாதைகளிலும் இறக்கியதால் படை எல்லை நெடுக நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குப் பரந்து கிடந்தது. சொந்த ஆட்களே அதைக் குறை சொன்னார்கள். பிரிந்து வரட்டும், சண்டைக்களத்தில் ஒன்றுசேரட்டும் என்பது அவர் கணக்கு. அதற்கு என்ன நெஞ்சுரம் வேண்டும்!

வாசகி_தேனி: நன்றி சார். ஒன்றுசேராமல் போயிருந்தால்?

கன்ட்ரோல்_சார்ட்: கிட்டத்தட்ட அப்படித்தான் ஆகியிருக்கும். ஜூலை 3, கோனிக்ரேட்ஸ் போர். முந்தின இரவுதான் எதிரி இருக்கும் இடமே உறுதியானது. பிரஷ்யப் பட்டத்து இளவரசரின் இரண்டாம் படை தூரத்தில். தந்தியும் இல்லை. ஓர் அதிகாரி இளவரசருக்கான உத்தரவை எடுத்துக்கொண்டு இருட்டில் குதிரையில் போனார். விடியற்காலை 4 மணிக்குப் போய்ச் சேர்ந்தார். காலையிலிருந்து மழையில் பிரஷ்யாவின் முதல் படை அடி வாங்கிக்கொண்டிருந்தது. அப்போது மோல்ட்கேயின் உத்தரவைக் கையில் வாங்கிய ஒரு டிவிஷன் தளபதி, "எல்லாம் சரி, இந்த ஜெனரல் மோல்ட்கே யார்?" என்று கேட்டாராம். 65 வயது மனிதரைச் சொந்தப் படைக்கே தெரியவில்லை.

மதியத்துக்கு மேல் இளவரசரின் ஆட்கள் ஆஸ்திரியர்களின் பக்கவாட்டில் ஏறி, க்ளும் கிராமத்து மேட்டைப் பிடித்துவிட்டார்கள்.