டேட்டம்: ‘தரவு’ வேண்டாம், ‘அடிமானம்’ பொருந்துமா?

> டேட்டா தரவு என்றால் அதன் ஒருமையான டேட்டமும் தரவுதானே? புதுச்சொல் எதற்கு?

ஐயா, வணக்கம்.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரிதான். பட்டறையில்தான் அது இடறுகிறது. சேலத்தில் பொறியாளர்களுக்கு ஜிடி அண்ட் டி (உதிரிபாகத்தின் வடிவத்திலும் இடத்திலும் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று வரைபடத்தில் குறிக்கும் முறை) மேல்நிலைப் பயிற்சி நடத்தினோம். தமிழ்க் குறிப்பில் ‘பிரைமரி டேட்டம் ஏ’ என்பதை ‘முதன்மைத் தரவு ஏ’ என்று எழுதியிருந்தேன். குவாலிட்டியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், “எந்த ரீடிங்கைச் சொல்றீங்க சார்?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். தரவு என்றால் அளந்து கிடைத்த எண். டேட்டம் என்பது அளவை எங்கிருந்து தொடங்குகிறோமோ அது.

சேகோ (ஜவ்வரிசி) ஆலை இயந்திரத்தின் பேரிங் ஹவுசிங் ஒன்றை, மிகச் சமமான கிரானைட் சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்துக் காட்டினேன். மில்லிங் செய்த முகம், கண்ணுக்குச் சமமாகத்தான் தெரிந்தது. ஒரு மூலையில் இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜின் 0.05 மி.மீ. தகடு தாராளமாக நுழைந்தது. அப்படியானால் டேட்டம் எது? அந்த முகம் அல்ல. முகத்தின் மேடான இடங்கள் பிளேட்டில் படிகின்றன. அங்கே கிடைக்கும் பிழையற்ற தளம்தான் டேட்டம். கையால் தொடக்கூடிய முகம் ‘டேட்டம் ஃபீச்சர்’. ஜிடி அண்ட் டி-க்கான அமெரிக்கத் தரநிலை ஏஎஸ்எம்இ ஒய்14.5 இந்த இரண்டையும் தனித்தனியாகவே வரையறுக்கிறது. ஆகவே நமக்கு இரண்டு சொற்கள் வேண்டும், ஒன்றிலிருந்து மற்றது பிறக்கவும் வேண்டும்.

முதலில் ‘மூலம்’ என்று நினைத்தேன். ஃபீச்சருக்குக் ‘கூறு’ சேர்த்தால் ‘மூலக்கூறு’ ஆகிவிடுகிறது; அது வேதியியலில் ஏற்கெனவே குடியேறிய சொல். ‘ஆதாரம்’ ஆடிட்டில் காட்டும் சான்றோடு குழம்பும்.

அப்புறம் நினைவுக்கு வந்தது ‘அடிமானம்’. எங்கள் வீட்டில் ஆட்டுக்கல் ஆடினால், “கீழே ஒரு கல்லை அடிமானம் கொடு” என்பார்கள். தாங்கி நிற்பது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. மானத்துக்கு அளவு என்ற பொருளும் உண்டு. அடிமானத் தளம், அடிமான அச்சு, அடிமானப் புள்ளி என எளிதாகக் கிளைக்கிறது. டேட்டம் ஃபீச்சர் ‘அடிமானக் கூறு’. மறுநாள் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன்: “முதல் அடிமானத்தில் மூன்று புள்ளி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் ஒன்று. மூன்று நகர்வு, மூன்று சுழற்சி என ஆறு அசைவும் நின்றுவிடும்.” யாரும் நிறுத்திக் கேட்கவில்லை.

> துளையின் அச்சு டேட்டமாக வந்தால் ‘அடி’ எப்படிப் பொருந்தும்?

பொருந்தும் ஐயா. துளையை மாண்ட்ரலில் (துளைக்குள் இறுக்கமாகப் பொருந்தும் தண்டு) ஏற்றினால் துண்டைத் தாங்குவது மாண்ட்ரல். அதன் அச்சு அடிமானம், துளை அடிமானக் கூறு. ‘அடி’ இங்கே கீழ்ப்பக்கத்தைச் சொல்லவில்லை, அடிப்படையைச் சொல்கிறது.

முழு முகத்துக்குப் பதில் தொட வேண்டிய இடத்தை மட்டும் குறிக்கும் டேட்டம் டார்கெட்டுக்கு ‘அடிமான இலக்கு’ என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். வார்ப்புத் துண்டுகளில் அது புள்ளியாக மட்டுமல்ல, கோடாகவும் சிறு பரப்பாகவும் வரும். ‘இலக்கு’ அதைத் தாங்குமா, ‘தொடுமிடம்’ மேலா என்று சொல்லுங்கள்.